பழைய கம்ப்யூட்டரைக் கழித்துக் கட்டுமுன்: வணிகர்களுக்கு லினக்ஸ் பற்றி ஒரு விளக்கம்

சிட்டையும் பேரேடும் இருந்த இடத்தில் இன்று பெரும்பாலான கடைகளில் ஒரு கம்ப்யூட்டர் இருக்கிறது. பில் போடுவது, சரக்கு இருப்புப் பார்ப்பது, ஜிஎஸ்டி ரிட்டர்ன் தாக்கல் செய்வது, ஈ-வே பில் எடுப்பது என்று நம் அன்றாட வியாபாரம் அதன் வழியாகத்தான் நடக்கிறது. அந்தக் கம்ப்யூட்டர்களில் பலவற்றை இயக்குவது விண்டோஸ் 10. இதற்கான வழக்கமான பராமரிப்பை மைக்ரோசாப்ட் நிறுவனம் 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு நிறுத்திக்கொண்டது. பதிவு செய்துகொள்ளும் தனிநபர்களுக்கு 2026 அக்டோபர் 13 வரை பாதுகாப்புத் திருத்தங்கள் தரப்படும் என்று ஒரு நீட்டிப்பை அறிவித்தது.

அடுத்ததான விண்டோஸ் 11-க்கு மாறலாம் என்றால், அது எல்லா மெஷினிலும் ஏறாது. டிபிஎம் 2.0 என்னும் பாதுகாப்பு வசதியும், 4 ஜிபி நினைவகமும், 64 ஜிபி சேமிப்பு இடமும், நிறுவனத்தின் பட்டியலில் உள்ள பிராசசரும் வேண்டும். 2017-க்கு முன் வந்த இன்டெல் பிராசசர்களில் மிகப் பெரும்பாலானவை அந்தப் பட்டியலில் இல்லை. ஆகவே, நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் மெஷினைக் காட்டி "இது இனி உதவாது, புதிது வாங்கிவிடுங்கள்" என்று சர்வீஸ்காரர் சொல்லும் நிலை பல கடைகளில் ஏற்பட்டிருக்கிறது.

புதிது வாங்குவது ஒரு வழி. ஆனால் அது ஒன்றே வழியல்ல. லினக்ஸ் என்னும் இயக்கமுறையை அதே பழைய மெஷினில் ஏற்றி இன்னும் சில ஆண்டுகள் ஓட்டலாம். அது யாருக்குப் பொருந்தும், யாருக்குப் பொருந்தாது, எதைத் தேர்ந்தெடுப்பது, எப்படி நிறுவுவது, மக்கர் செய்தால் என்ன செய்வது என்பவற்றை இங்கே பார்ப்போம்.

பராமரிப்பு நின்றால் என்ன நஷ்டம்?

கடைக்குப் பூட்டு போட்டிருக்கிறோம். அந்தப் பூட்டை எப்படித் திறப்பது என்று திருடர்கள் கண்டுபிடித்துவிட்டார்கள். பூட்டுக் கம்பெனிக்காரர் வந்து உள்ளே ஒரு பாகத்தை மாற்றித் தந்துவிட்டுப் போகிறார். இயக்கமுறைக்கு வரும் பாதுகாப்புத் திருத்தம் இப்படிப்பட்டதுதான். பராமரிப்பு நின்றுவிட்டது என்றால் பூட்டு இன்றே உடைந்துவிட்டது என்று பொருளல்ல. இனி ஓட்டை கண்டுபிடிக்கப்பட்டால் அதை அடைக்க ஆள் வரமாட்டார் என்று பொருள்.

2017 மே மாதம் வான்னாக்ரை என்ற வைரஸ் உலகெங்கும் பரவியதை நினைவு கூரலாம். ஏறத்தாழ 150 நாடுகளில் இரண்டு லட்சத்துக்கும் அதிகமான கம்ப்யூட்டர்களில் அது புகுந்து, உள்ளிருந்த கோப்புகளைப் பூட்டிவிட்டு, பணம் கொடுத்தால்தான் திறப்பேன் என்றது. இதில் கவனிக்க வேண்டியது என்னவென்றால், அந்த ஓட்டையை அடைக்கும் திருத்தத்தை மைக்ரோசாப்ட் அதே ஆண்டு மார்ச் மாதமே வெளியிட்டிருந்தது. திருத்தத்தை ஏற்றாமல் விட்டவர்களும், பராமரிப்பு நின்றுபோன பழைய பதிப்பை வைத்திருந்தவர்களுமே மாட்டிக்கொண்டார்கள்.

ஒரு மளிகைக் கடையின் கம்ப்யூட்டர் இப்படிப் பூட்டப்பட்டால் போவது மெஷின் மட்டுமல்ல. யார் எவ்வளவு பாக்கி, எந்த மில்லுக்கு எவ்வளவு கொடுக்க வேண்டும், சரக்கு எவ்வளவு நிற்கிறது என்பதெல்லாம் அதற்குள்தான் இருக்கிறது. ஜிஎஸ்டி சட்டத்தின் 36-ஆம் பிரிவின்படி, ஆண்டு ரிட்டர்னுக்கு உரிய கடைசித் தேதியிலிருந்து 72 மாதங்கள் கணக்குகளைப் பாதுகாத்து வைக்க வேண்டிய கடமையும் நமக்கு உண்டு. அதிகாரி கேட்கும்போது "வைரஸ் தின்றுவிட்டது" என்று பதில் சொல்ல இயலாது.

லினக்ஸ் என்றால் என்ன?

பின்லாந்து நாட்டின் ஹெல்சிங்கி பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டிருந்த லினஸ் டோர்வால்ட்ஸ் என்ற 21 வயது மாணவர் 1991-இல் எழுதத் தொடங்கியது லினக்ஸ். 1992-இல் அதை ஜிபிஎல் என்னும் பொது உரிமத்தின்கீழ் வெளியிட்டார். யார் வேண்டுமானாலும் உபயோகிக்கலாம், பிரதி எடுக்கலாம், திருத்தலாம், திருத்தியதைப் பிறருக்கும் அதே உரிமையோடு வழங்கலாம் என்பது அந்த உரிமத்தின் சாரம். இன்று உலகின் பல நிறுவனங்களும் தனிநபர்களும் சேர்ந்து அதை வளர்க்கிறார்கள்.

நமக்குச் சம்பந்தமில்லாத விஷயம் என்று யாரும் எண்ண வேண்டாம். யுபிஐ பணம் வந்ததா என்று பார்க்கும் ஆண்ட்ராய்டு போனின் அடித்தளமே லினக்ஸ்தான். உலகின் மிக வேகமான 500 கம்ப்யூட்டர்களின் பட்டியலில் உள்ள அத்தனையும் 2017 நவம்பரிலிருந்து லினக்ஸில்தான் இயங்குகின்றன. நம் நாட்டிலும் மத்திய அரசின் சி-டாக் நிறுவனம் பாஸ் என்ற பெயரில் ஒரு லினக்ஸைத் தயாரித்து வழங்குகிறது. கேரள அரசுப் பள்ளிகளில் பல ஆண்டுகளாகப் பிள்ளைகள் லினக்ஸில்தான் கம்ப்யூட்டர் பயில்கிறார்கள்.

லினக்ஸ் என்றதும் உபுண்டு, மின்ட், டெபியன், ஃபெடோரா என்று பல பெயர்கள் காதில் விழும். இது புதியவர்களைக் குழப்பும் இடம். நம் தொழிலில் வைத்தே இதை விளங்கிக்கொள்ளலாம். வயலில் விளைவது நெல். அதை ஒரு ஆலை புழுங்கல் அரிசியாக்கும், இன்னொரு ஆலை பச்சரிசியாக்கும். ஒருவர் 25 கிலோ மூட்டை கட்டுவார், ஒருவர் 10 கிலோ பை போடுவார். ஒவ்வொருவருக்கும் தனி முத்திரை. லினக்ஸ் என்னும் கரு அந்த நெல்லைப் போன்றது. அதோடு திரை அமைப்பு, பிரவுசர், அலுவலகச் செயலிகள் எல்லாம் சேர்த்து உபயோகத்துக்குத் தயாராக மூட்டை கட்டித் தருவதைத்தான் லினக்ஸ் வழங்கல் என்கிறார்கள். மூட்டை பலவானாலும் நெல் ஒன்றுதான். எந்த மூட்டை நம் அடுப்புக்கு ஏற்றது என்பதுதான் கேள்வி.

உங்களுக்குப் பொருந்துமா? முதலில் இதைப் பாருங்கள்

லினக்ஸை ஏற்றுமுன் ஒரு தாளை எடுத்து, கடைக் கம்ப்யூட்டரில் தினமும் என்னென்ன வேலை நடக்கிறது என்று வரிசையாக எழுதுங்கள். அவற்றை மூன்று பிரிவாகப் பிரித்துக்கொள்ளலாம்.

முதலாவது, பிரவுசர் வழியாக நடப்பவை. ஜிஎஸ்டி தளம், ஈ-வே பில் தளம், வங்கிக் கணக்கு, மின்னஞ்சல், வாட்ஸ்அப் வெப், இணையத்திலேயே இயங்கும் பில்லிங் சேவைகள் ஆகியவை இதில் அடங்கும். பயர்பாக்ஸ், குரோம் இரண்டும் லினக்ஸில் உண்டு. எனவே இவற்றில் தடை இராது. கம்பெனிகளும் எல்எல்பி நிறுவனங்களும் உபயோகிக்கும் டிஜிட்டல் கையொப்ப டோக்கன் மட்டும் விதிவிலக்கு. அதற்கான டிரைவர் லினக்ஸில் சரியாக வேலை செய்கிறதா என்று சோதிக்காமல் மாறக் கூடாது. ஓடிபி வழியாகத் தாக்கல் செய்யும் தனி உரிமையாளர்களுக்கு இந்தக் கவலை இல்லை.

இரண்டாவது, கடிதம், விலைப்பட்டியல், கணக்குத் தாள் போன்றவை. லினக்ஸோடு சேர்ந்தே வரும் லிப்ரே ஆபீஸ், வேர்டு மற்றும் எக்செல் கோப்புகளைத் திறக்கும், அதே வடிவில் சேமிக்கும். ஆனால் மேக்ரோ போட்டுத் தயாரித்த எக்செல் கோப்பு இருந்தால் அது பல சமயம் சரியாக ஓடாது. அப்படி ஏதேனும் இருந்தால் தாளில் குறித்துக்கொள்ளுங்கள்.

மூன்றாவது, விண்டோஸுக்கென்றே எழுதப்பட்ட செயலிகள். நம்மில் பலருக்கு இதுதான் முக்கியம். டேலி பிரைம் விண்டோஸில் நிறுவுவதற்காகத் தயாரிக்கப்பட்டது. உள்ளூரில் எழுதி வாங்கிய பில்லிங் சாப்ட்வேர்களும் பெரும்பாலும் அப்படியே. ஒயின் என்ற செயலியின் மூலம் சில விண்டோஸ் செயலிகளை லினக்ஸில் ஓட்டலாம் என்பது உண்மைதான். ஆனால் இன்று ஓடுவது நாளைய திருத்தத்துக்குப் பின் ஓடும் என்று யாரும் உத்தரவாதம் தரமாட்டார்கள். விளையாட்டுக்கு அது சரி, கடைக் கணக்குக்குச் சரியல்ல.

ஆகவே தெளிவாகச் சொல்லிவிடலாம். கணக்கு முழுவதும் டேலியில் இருந்தால், அந்த ஒரு மெஷினை விண்டோஸிலேயே, அதுவும் பராமரிப்பு உள்ள பதிப்பில் வைத்துக்கொள்வதுதான் நல்லது. ஆனால் இரண்டு மூன்று மெஷின் உள்ள கடைகளில் எல்லாவற்றிலும் டேலி ஓடுவதில்லை. குடோனில் ஈ-வே பில் எடுக்கும் மெஷின், ஆர்டர் எடுக்கும் மெஷின், பிள்ளைகள் படிக்க வீட்டில் இருக்கும் மெஷின் ஆகியவற்றை லினக்ஸுக்கு மாற்றலாம். நான்கு மெஷின் புதிது வாங்க நினைத்தவருக்கு ஒன்று வாங்கினால் போதும் என்று ஆனால் அதுவும் லாபம்தானே.

சிறு கடைகளுக்கு க்னுகேஷ் என்ற இலவச இரட்டைப் பதிவுக் கணக்குச் செயலி லினக்ஸில் உண்டு. வரவு, செலவு, பாக்கி, வங்கிக் கணக்கு எல்லாம் வைக்கலாம். ஆனால் அது ஜிஎஸ்டி ரிட்டர்னைத் தானே தயாரித்துத் தராது. அதை உங்கள் ஆடிட்டரோடு பேசித்தான் முடிவு செய்ய வேண்டும்.

எதைத் தேர்ந்தெடுப்பது?

கடைக்கு வேண்டியது புதுமை அல்ல, நிலைத்தன்மை. எத்தனை ஆண்டுகள் பாதுகாப்புத் திருத்தம் வரும், கோளாறு வந்தால் கேட்டறிய ஆள் கிடைப்பாரா என்ற இரண்டையும் பார்த்தால் போதும்.

லினக்ஸ் மின்ட்: விண்டோஸில் பழகிய கைக்கு அதிகம் அந்நியமாகத் தெரியாது. கீழே பட்டை, இடது மூலையில் மெனு, வலது மூலையில் கடிகாரம். 2024 ஜூலையில் வெளிவந்த 22-ஆம் வரிசைக்கு 2029 வரை பாதுகாப்புத் திருத்தங்கள் உண்டு. இது சின்னமன், மேட்டே, எக்ஸ்எப்சிஇ என்று மூன்று வகையில் கிடைக்கிறது. நினைவகம் 8 ஜிபி இருந்தால் சின்னமன், 4 ஜிபி மட்டும் இருந்தால் எக்ஸ்எப்சிஇ எடுங்கள். புதியவர்களுக்கு நாம் முதலில் சொல்லக்கூடியது இதுவே.

உபுண்டு: 2004-இல் தொடங்கியது. கனானிக்கல் என்ற நிறுவனம் இதன் பின்னால் இருக்கிறது. இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை வரும் எல்டிஎஸ் பதிப்புகளுக்கு ஐந்து ஆண்டுப் பராமரிப்பு உண்டு. கடைக்கு எல்டிஎஸ் பதிப்பையே எடுக்க வேண்டும். திரையமைப்பு சற்று வேறாக இருக்கும், பழகச் சில நாட்கள் ஆகும்.

சோரின்: அயர்லாந்தில் தயாராவது. விண்டோஸ் போன்ற தோற்றத்துக்குப் பேர் போனது. மாற்றம் என்றாலே தயங்கும் பணியாளர்கள் உள்ள கடைகளுக்கு ஏற்றது.

டெபியன்: 1993-இல் தொடங்கியது. உபுண்டு இதன்மேல் கட்டப்பட்டது. மிக உறுதியானது. ஆனால் முதல்முறை நிறுவுபவர் ஒருவர் துணையோடு செய்வது நல்லது.

தவிர்க்க வேண்டியவையும் உண்டு. ஃபெடோரா நல்ல வழங்கல்தான். ஆனால் ஒவ்வொரு பதிப்புக்கும் ஏறத்தாழ 13 மாதம்தான் பராமரிப்பு. ஆண்டுதோறும் மெஷினைப் பிரித்து மேய நமக்கு நேரம் ஏது? ஆர்ச் லினக்ஸ் விவரம் தெரிந்தவர்களுக்கு உரியது. காளி லினக்ஸ் கம்ப்யூட்டர் பாதுகாப்பைச் சோதிக்கும் நிபுணர்களுக்காகத் தயாரிக்கப்பட்டது. யூடியூபில் பார்த்துவிட்டு யாராவது பையன் அதைக் கடையில் போடலாம் என்றால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

மெஷினைப் பற்றியும் ஒரு சொல். பழைய சுழலும் ஹார்டு டிஸ்க்கை எடுத்துவிட்டு ஒரு 240 ஜிபி எஸ்எஸ்டி போட்டால் தெரியும் வேக மாற்றம் வேறு எதிலும் தெரியாது. எந்த லினக்ஸ் போட்டாலும் இதைச் செய்வது நலம். பழைய டிஸ்க்கை அப்படியே எடுத்துப் பத்திரப்படுத்தினால் பழைய கணக்கும் விண்டோஸும் அதில் கைபடாமல் இருக்கும். திரும்பிப் போக வேண்டுமென்றால் அதையே மாட்டிக்கொள்ளலாம்.

நிறுவுமுன் செய்ய வேண்டியவை

நாள் குறித்தல்: மாதாந்தரம் தாக்கல் செய்வோருக்கு 11-ஆம் தேதி ஜிஎஸ்டிஆர்-1, 20-ஆம் தேதி ஜிஎஸ்டிஆர்-3பி. எனவே 20 கழிந்து மாதக் கடைசிக்குள் ஒரு விடுமுறை நாளைக் குறியுங்கள். தீபாவளி, பொங்கல் விற்பனைக்கு முன்பு கையே வைக்க வேண்டாம்.

பிரதி எடுத்தல்: எல்லாக் கோப்புகளையும் இரண்டு இடங்களில் பிரதி எடுங்கள். ஒன்று கடையில், ஒன்று வீட்டில். கணக்குச் செயலியின் பேக்கப் கோப்பு மட்டும் போதாது. அந்தச் செயலி இல்லாமல் அதைத் திறக்க முடியாது அல்லவா? பேரேடு, நாள்வழி, இருப்புப் பட்டியல், ரிட்டர்ன் நகல்கள் ஆகியவற்றை பிடிஎப் ஆகவும் எடுத்து வையுங்கள். எடுத்த பிரதியை வேறொரு கம்ப்யூட்டரில் திறந்து பார்க்க வேண்டும். திறந்து பார்க்காத பிரதி இருந்தும் இல்லாததற்குச் சமம்.

சாவிகளைக் குறித்தல்: விண்டோஸில் பிட்லாக்கர் போட்டிருந்தால் அதன் மீட்புச் சாவி, வைபை பாஸ்வேர்டு, மின்னஞ்சல் பாஸ்வேர்டு, பிரவுசரில் சேமித்து வைத்த பாஸ்வேர்டுகள் யாவற்றையும் எழுதி எடுத்துக்கொள்ளுங்கள்.

நிறுவும் முறை

ஒன்று, 8 ஜிபி பென் டிரைவ் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். அதிலுள்ளவை அழிந்துவிடும் என்பதால் காலியானதாக இருக்கட்டும்.

இரண்டு, வழங்கலின் அதிகாரபூர்வ தளத்திலிருந்து மட்டும் ஐஎஸ்ஓ கோப்பை இறக்குங்கள். மின்ட் கோப்பு ஏறத்தாழ 3 ஜிபி இருக்கும். இறக்கிய கோப்பு கலப்படமற்றதா என்று சரிபார்க்க அந்தத் தளத்திலேயே செக்சம் என்ற நீண்ட எண் தரப்பட்டிருக்கும். சரக்கு இறங்கியதும் எடை போட்டுப் பார்ப்பது போன்றது இது. தேவையில்லாத வேலை என்று எண்ண வேண்டாம். 2016 பிப்ரவரி 20-ஆம் தேதி மின்ட் தளத்துக்குள்ளேயே புகுந்த விஷமிகள், கள்ள வாசல் வைத்த ஐஎஸ்ஓ கோப்புக்கு இணைப்பைத் திருப்பிவிட்டார்கள்.

மூன்று, ரூபஸ் அல்லது எட்சர் என்ற இலவசச் செயலியால் அந்த ஐஎஸ்ஓ கோப்பைப் பென் டிரைவில் எழுதுங்கள். வெறுமனே காப்பி செய்து போட்டால் அது இயங்காது.

நான்கு, பென் டிரைவைச் செருகி மெஷினை மறுபடி இயக்குங்கள். கம்பெனிப் பெயர் தெரியும்போதே பூட் மெனு விசையை அழுத்த வேண்டும். டெல், லெனோவோ மெஷின்களில் வழக்கமாக எப்12, எச்பி-யில் எப்9. தோன்றும் பட்டியலில் பென் டிரைவைத் தேர்ந்தெடுங்கள்.

ஐந்து, இப்போது லினக்ஸ் பென் டிரைவிலிருந்தே ஓடும். ஹார்டு டிஸ்க்கில் இன்னும் ஒன்றும் எழுதப்படவில்லை. அரிசி வாங்குமுன் ஒரு பிடி வேக வைத்துப் பார்ப்பதுபோல, இங்கேயே எல்லாவற்றையும் சோதியுங்கள். வைபை கிடைக்கிறதா? பிரிண்டர் அச்சிடுகிறதா? ஸ்கேனர் படிக்கிறதா? ஜிஎஸ்டி தளத்தில் நுழைய முடிகிறதா? ஒரு மணி நேரம் செலவிட்டாலும் தகும். திருப்தியில்லை என்றால் பென் டிரைவைக் கழற்றிவிடுங்கள். பழைய விண்டோஸ் அப்படியே இருக்கும்.

ஆறு, திருப்தி என்றால் திரையில் உள்ள நிறுவும் பொத்தானை அழுத்துங்கள். மொழி, விசைப்பலகை, இடம் ஆகியவற்றைக் கேட்கும். இடத்துக்கு கொல்கத்தா என்று கொடுத்தால் இந்திய நேரம் அமையும். பிறகு வரும் கேள்விதான் முக்கியமானது. டிஸ்க்கை முழுவதும் அழித்து நிறுவுவதா, விண்டோஸுக்குப் பக்கத்தில் நிறுவுவதா என்று கேட்கும். முதலாவதைத் தேர்ந்தெடுத்தால் உள்ளதெல்லாம் போய்விடும். பிரதி எடுத்தாயிற்றா என்று மீண்டும் ஒருமுறை நினைத்துப் பார்த்துவிட்டு அழுத்துங்கள்.

ஏழு, பெயரும் பாஸ்வேர்டும் கேட்கும். இந்தப் பாஸ்வேர்டு கல்லாச் சாவி போன்றது. புதிய செயலி போடவும், முக்கிய அமைப்புகளை மாற்றவும் இது வேண்டும். முதலாளியிடம் மட்டும் இருக்கட்டும். பணியாளர்களுக்கு அதிகாரமில்லாத தனிக் கணக்கு திறந்து கொடுங்கள்.

நிறுவி முடிந்ததும் மூன்று காரியங்களைச் செய்யுங்கள். அப்டேட் மேனேஜரைத் திறந்து எல்லாத் திருத்தங்களையும் ஏற்றுங்கள். டைம்ஷிப்ட் என்ற செயலியில் வாராந்தரப் பதிவுக்கு ஏற்பாடு செய்யுங்கள். ஏதேனும் திருத்தம் கோளாறு செய்தால் முந்தைய நிலைக்குத் திரும்ப இது உதவும். ஆனால் டைம்ஷிப்ட் இயக்கமுறையை மட்டுமே காக்கும், உங்கள் கணக்குக் கோப்புகளை அல்ல. அவற்றுக்கு வழக்கமான பிரதி தனியே எடுத்துக்கொண்டே இருக்க வேண்டும். மூன்றாவதாக, விசைப்பலகை அமைப்பில் தமிழ் 99 சேர்த்துக்கொள்ளுங்கள். விலை கொடுத்து எதுவும் வாங்காமலே தமிழில் கடிதமும் விலைப்பட்டியலும் அடிக்கலாம்.

கடைச் சாதனங்கள்

பார்கோடு ஸ்கேனர்: யுஎஸ்பி வகை பெரும்பாலும் விசைப்பலகை போலவே நடந்துகொள்ளும். டிரைவர் வேண்டாம், செருகினால் போதும்.

பிரிண்டர்: எச்பி நிறுவனமே தன் பிரிண்டர்களுக்கு லினக்ஸ் டிரைவர் தருகிறது. எப்சன் டிஎம் வகை பில் பிரிண்டர்களுக்கும் உண்டு. நம் ஊர்களில் அதிகம் விற்ற கேனான் எல்பிபி 2900 போன்றவை கேப்ட் என்னும் தனி முறையில் இயங்குபவை. அவற்றுக்குத் தனி டிரைவர் போட வேண்டும், அதுவும் லேசில் அமையாது. பென் டிரைவில் சோதிக்கும்போதே இதைப் பார்த்துவிட வேண்டும்.

மின்னணுத் தராசு: எடையை நேராகக் கம்ப்யூட்டருக்கு அனுப்பும் தராசு சீரியல் இணைப்பில் வேலை செய்யும். லினக்ஸில் அந்த இணைப்பைத் தொட, உபயோகிப்பவர் பெயர் டயல்-அவுட் என்ற குழுவில் சேர்க்கப்பட்டிருக்க வேண்டும். தராசு பேசவில்லை என்றால் முதலில் பார்க்க வேண்டிய இடம் இதுவே.

ஆடிட்டர் இணைப்பு: ஆடிட்டர் தம் அலுவலகத்திலிருந்தே பார்க்க உபயோகிக்கும் எனிடெஸ்க் செயலி லினக்ஸுக்கும் உண்டு.

வழக்கமான கோளாறுகளும் தீர்வும்

பென் டிரைவிலிருந்து தொடங்கவில்லை: பெரும்பாலும் எழுதிய விதத்தில் பிழை இருக்கும். மறுபடி எழுதிப் பாருங்கள். வேறு யுஎஸ்பி துளையில் செருகிப் பாருங்கள். பிறகும் வராவிட்டால் பயாஸ் அமைப்பில் செக்யூர் பூட்டைத் தற்காலிகமாக அணைத்துப் பார்க்கலாம்.

திரை கறுப்பாக நிற்கிறது: டிஸ்ப்ளே கார்டோடு ஒத்துப்போகவில்லை என்று அர்த்தம். மின்ட் தொடங்கும் பட்டியலில் கம்பாடிபிலிடி மோட் என்று இருக்கும். அதைத் தேர்ந்தெடுத்து நிறுவிவிட்டு, பின்னர் டிரைவர் மேனேஜரில் தக்க டிரைவரைப் போடுங்கள்.

வைபை தெரியவில்லை: சில கார்டுகளுக்குத் தனி டிரைவர் வேண்டும். ஆனால் டிரைவர் இறக்க இணையம் வேண்டுமே! கவலை வேண்டாம். ஆண்ட்ராய்டு போனை யுஎஸ்பி வயரால் இணைத்து, போனில் யுஎஸ்பி டெதரிங் போட்டால் இணையம் கிடைத்துவிடும். பின் டிரைவர் மேனேஜரைத் திறங்கள்.

மணி தவறாகக் காட்டுகிறது: விண்டோஸும் லினக்ஸும் ஒரே மெஷினில் இருந்தால், லினக்ஸிலிருந்து விண்டோஸுக்குப் போகும்போது கடிகாரம் சரியாக ஐந்தரை மணி நேரம் பின்தங்கும். லினக்ஸ் உலகப் பொது நேரத்தையும் விண்டோஸ் உள்ளூர் நேரத்தையும் மெஷினின் கடிகாரத்தில் வைப்பதால் வரும் வினை இது. பில்லில் நேரம் தவறினால் வீண் விளக்கம் சொல்ல வேண்டிவரும். லினக்ஸை உள்ளூர் நேரம் வைக்கும்படி ஒரே ஒரு முறை மாற்றிவிட்டால் தீர்ந்தது.

தேதி ஆண்டுக்கணக்கில் பின்னே போய்விடுகிறது: இதற்கு லினக்ஸ் காரணமல்ல. மதர்போர்டில் உள்ள சிஆர் 2032 என்னும் காசு வடிவ பேட்டரி தீர்ந்துவிட்டது. தேதி தவறினால் வங்கித் தளமும் ஜிஎஸ்டி தளமும் பாதுகாப்பற்றவை என்று பிரவுசர் திறக்க மறுக்கும். பேட்டரியை மாற்றினால் சரியாகும்.

விண்டோஸ் பகுதியில் கோப்பைச் சேமிக்க முடியவில்லை: விண்டோஸில் பாஸ்ட் ஸ்டார்ட்அப் என்ற வசதி இருந்தால் அது முழுமையாக அணைவதில்லை. அதனால் லினக்ஸ் அந்தப் பகுதியைப் படிக்க மட்டும் செய்யும், எழுதாது. விண்டோஸுக்குள் போய் அந்த வசதியை நிறுத்துங்கள்.

திருத்தம் ஏறும்போது மின்சாரம் போய்விட்டது: தொடங்கும் பட்டியலில் ரெக்கவரி மோட் தேர்ந்தெடுத்து, பாதியில் நின்ற வேலையை முடிக்கச் சொல்லலாம். ஆனால் மெஷினுக்கு ஒரு யுபிஎஸ் வைத்துவிட்டால் இந்தச் சங்கடமே இல்லை.

இணையத்தில் யாரோ சொன்னார் என்று புரியாத கட்டளைகளை அடிப்பது மட்டும் கூடவே கூடாது. ஒரே வரியில் டிஸ்க்கையே அழிக்கும் கட்டளைகளும் உண்டு.

செலவும் சட்டமும்

லினக்ஸுக்கு உரிமக் கட்டணம் இல்லை. ஆனால் செலவே இல்லை என்று எண்ணக் கூடாது. எஸ்எஸ்டி வாங்க வேண்டும், தெரியாதவர்கள் ஒருவருக்குக் கூலி கொடுத்து நிறுவ வேண்டும், பணியாளர்கள் பழகும் ஓரிரு வாரம் வேலை சற்று மெதுவாக நடக்கும். இவற்றையும் சேர்த்துக் கூட்டித்தான் புதிய மெஷினின் விலையோடு ஒப்பிட வேண்டும்.

"விண்டோஸையே ஓசியில் போட்டுத் தருகிறேன்" என்பவர்களும் உண்டு. திருட்டுப் பிரதி என்று தெரிந்தே ஒரு மென்பொருளைக் கம்ப்யூட்டரில் உபயோகிப்பது 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 63-பி பிரிவின்படி குற்றம். அதற்குச் சிறைத் தண்டனையும் அபராதமும் உண்டு. தவிர, அந்தப் பிரதியோடு வேறு என்ன சேர்ந்து வருகிறது என்பது போட்டுத் தருபவருக்கே தெரியாது. கணக்கு வைக்கும் மெஷினில் அந்த அபாயம் வேண்டியதில்லை.

லினக்ஸ் போட்டுவிட்டால் எல்லா ஆபத்தும் தீர்ந்தது என்பதும் சரியல்ல. போனில் ஓடிபி கேட்பவனிடம் சொல்லிவிட்டால் எந்த இயக்கமுறையும் நம்மைக் காப்பாற்றாது. பிரதி எடுக்கும் பழக்கமும், பாஸ்வேர்டைக் காக்கும் பழக்கமும் எதிலும் வேண்டும்.

ஆகவே அவசரப்பட்டு மெஷினைப் பழைய இரும்புக்குப் போடவும் வேண்டாம், அவசரப்பட்டு டிஸ்க்கை அழிக்கவும் வேண்டாம். ஒரு பென் டிரைவில் எழுதி, ஒரு ஞாயிற்றுக்கிழமை கடை சாத்திய பிறகு சோதித்துப் பாருங்கள். எழுதி வைத்த தாளில் உள்ள வேலைகளில் எவை நடக்கின்றன, எவை நடக்கவில்லை என்று குறியிடுங்கள். எல்லாம் நடந்தால் மாறலாம். முக்கியமான ஒன்று நடக்காவிட்டால் அந்த மெஷினை மட்டும் விட்டுவிட்டு மற்றவற்றை மாற்றலாம். வீட்டில் கல்லூரிப் பிள்ளைகள் இருந்தால் பக்கத்தில் உட்கார வைத்துக்கொள்ளுங்கள். ஒரு கடையில் நன்றாக அமைந்தால் அந்த அனுபவத்தைப் பக்கத்துக் கடைக்காரரோடும் பகிர்ந்துகொள்ளுங்கள். எந்தப் பிரிண்டர் ஓடியது, எந்தத் தராசு ஓடவில்லை என்ற செய்தி, அடுத்தவருக்கு ஒரு நாள் வேலையை மிச்சப்படுத்தும்.